சாயங்காலத் தண்ணி

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க செக்ரட்டரி கர்னல் சார் வர அரைமணி நேரமாவது ஆகும்னு சொன்னாங்க. அதுவரைக்கும் எங்கிட்ட விசாரிச்சுக்கச் சொன்னாராமா? நல்லதுங்க. ஹெப்சிபா மேடத்தைப் பத்தி என்னை விட்டா இங்க யாருக்குத் தெரியும்? நாலு மாசம் அந்தப் பொண்ணுகூட மாரடிச்சவன் நாந்தானுங்க.

மலைமேல இருக்கற உங்க கிளப்புல அவங்களை வேலைக்கு எடுக்கலாமான்னு பாக்கறீங்க. எங்க ஆபீசுல குடுத்த கடுதாசில 'தண்ணீர் நிர்வாகம் திருப்தியாக இல்லை'ன்னு எழுதியிருக்கு. அதனால நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்துருக்கீங்க. சரிங்க. உள்ளது உள்ளபடி சொல்லிப்போடறேன். எனக்கு அவங்க மேல கோவம் கிடையாது. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். கோவமே கிடையாது.

என் பேரு நாச்சிமுத்துங்க. இருபத்தேழு வருசமா இந்த கோல்ஃப் மைதானத்துல ஹெட் மாலி. ஊர்ல புல்லு வளக்கற வேலைன்னு சொன்னா, 'மாட்டுக்கா?'ன்னு கேப்பாங்க. மாடு வந்தா தொரத்தறதும் என் வேலைதான்னு சொல்லுவேன். நீங்களும் ஆபீசு ஆளுதானுங்களே, புல்லு தெரியாதில்ல? சுருக்கமாச் சொல்றேன். மொத்தம் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியைச் சுத்தியும் ஒரு வட்டம், அதுக்குப் பேரு கிரீன். அங்க புல்லு ஜமுக்காளம் மாதிரி இருக்கணும். அரிசி நீளம்கூட இருக்கக்கூடாது. பந்தைத் தட்டிவிட்டா சத்தமில்லாமப் போயி குழியில விழோணும். அதுலயும் ஒன்பதாம் நம்பர் கிரீன், அதோ, இந்த ஜன்னல்ல எட்டிப்பாத்தாத் தெரியுது பாருங்க, கிளப்புக்கு நேர் முன்னால இருக்கறதால அதுதான் எங்களுக்கு மூஞ்சி மாதிரி. அதை நான் வேற யாரையும் தொடவிடறது இல்லீங்க. என் ரெண்டு பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் வெடியால வந்து அதை வெட்டிப்போட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன்.

அப்படி இருக்கையில பிப்ரவரி மாசம் மைதானம் பூராவுக்கும் பொறுப்பா இந்த மேடம் வந்து சேந்தாங்க. நாகர்கோயில்காரங்க. விவசாயம் படிச்சு, அதுக்கு மேல புல்லு படிச்சாங்களாமா. புல்லுக்கு ஒரு படிப்பு! முப்பது வயசு இருக்கும். வந்த அன்னிக்கே ஒன்பதாம் நம்பர் கிரீன்ல முட்டிபோட்டு உக்காந்து, ஒரு கத்தியை எடுத்து சதக்குன்னு குத்தி, ஒரு துண்டு மண்ணை எடுத்து மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாத்தாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? நம்ம வீட்டுக்கு வந்தவங்க சோத்துச்சட்டியை மோந்து பாத்தா எப்படி இருக்கும்?

"அண்ணா, மண்ணு மூச்சு விடலை"ன்னாங்க.

"இருபத்தேழு வருசமா விட்டுட்டுத்தானுங்க இருக்குது"ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

மார்ச்சுல ஒரு மெஷினைக் கொண்டாந்து கிரீன் பூராவும் ஓட்டை போட்டாங்க. ஆமாங்க, ஓட்டை. விரல் தண்டி ஓட்டை, சாணுக்கு நாலு. இருபத்தேழு வருசமா எறும்பு வளை வச்சாக்கூட விடாம பாத்துட்டிருந்த எடம் சார். அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆக்கிப்போட்டாங்க. அன்னிக்கு எனக்கு மத்தியானச் சோறு எறங்கலை. அப்புறம் ஓட்டையில மணலைப் போட்டுக் கூட்டினாங்க. இருபது நாள்ல புல்லு திரும்பி வந்துச்சு, முன்னைவிட நல்லா வந்துச்சு, அது வேற விசயம். அது என் கைராசி.

அடுத்து, கையில ஒரு மீட்டரு. கீழ ரெண்டு ஊசி இருக்கும், குத்தினா மண்ணுல எத்தனை ஈரம்னு நம்பர் காட்டும். நான் சொன்னேன், மேடம், நான் செருப்பைக் கழட்டிட்டு குதிங்காலை வச்சாத் தெரிஞ்சுக்குவேன், எதுக்குங்க மெஷினுன்னு. அவங்க சிரிச்சுட்டு, "உங்க காலை நீங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடுவீங்களே அண்ணா"ன்னாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன்.

ஏப்ரல் பொறந்துச்சு. இந்த வருச வெயிலு உங்களுக்கு மலையில தெரிஞ்சிருக்காது. இங்க தார் ரோட்டுல செருப்பு ஒட்டிக்கும். மேடம் எல்லாரையும் கூப்பிட்டு சட்டம் போட்டாங்க. கோடை முடியற வரைக்கும் புல்லை ரொம்ப ஒட்ட வெட்டக்கூடாது. தண்ணி வெடியால நாலரைக்கு மேல ஆறுக்குள்ள, அவ்வளவுதான். மத்தியானம் புல்லு சோந்துச்சுன்னா ஓசுல மேலாப்புல ரெண்டு நிமிசம். பொழுதோட மட்டும் கூடவே கூடாது. சாயங்காலம் விட்ட ஈரம் ராப்பூரா நிக்கும், சூட்டோட சேந்து பூஞ்சை வந்துரும்னாங்க. என்னைப் பாத்து ரெண்டாந்தரம் சொன்னாங்க. "சாயங்காலம் ஒரு சொட்டு வேண்டாம் அண்ணா."

"சரிங்க மேடம்"னேன்.

சார், நான் பொய் சொல்றவன் இல்லீங்க. சரின்னு சொன்னேன், சரின்னுதான் இருந்தேன். நாலு நாள் இருந்தேன். அஞ்சாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் போயாச்சு. நான் சைக்கிளை எடுத்துட்டு ஒன்பதாம் நம்பரைத் தாண்டிப் போறேன். அந்தப் புல்லு என்னைப் பாத்துச்சுங்க. நீங்க நம்ப மாட்டீங்க. நாக்கு வறண்டவன் பாக்கற மாதிரி பாத்துச்சு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு வால்வைத் திருப்பினேன். தண்ணி ஊத்தலை. தெளிச்சேன். அஞ்சே நிமிசம்.

மறுநாள் வெடியால மேடம் மீட்டரைக் குத்தினாங்க. குத்தினவங்க மீட்டரைத் தட்டினாங்க. மறுபடி குத்தினாங்க. "என்னண்ணா இது, இவ்வளவு ஈரம் காட்டுது?"

"மெஷினுங்க. நம்ப முடியாதுங்க"ன்னேன்.

பேட்டரி மாத்தினாங்க. அப்பவும் அதேதான். சரி, ஈரம் இருக்குன்னு வெடியாலத் தண்ணியைக் கொறச்சாங்க. கொறச்சா எனக்கு வயிறு எரியாதா? சாயங்காலம் பத்து நிமிசமாக்கினேன். மீட்டரு இன்னும் ஏறுச்சு. அவங்க வெடியால இன்னும் கொறச்சாங்க. நான் இருபது நிமிசம். அவங்க மீட்டரைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டு புதுசு ஒண்ணு வரவழைச்சாங்க. புதுசும் அதே நம்பரைக் காட்டுச்சு. "ரெண்டும் ஒரே கம்பெனிங்க, அப்படித்தான் இருக்கும்"னு சொன்னேன். கடைசியில அவங்க வெடியால அஞ்சு நிமிசம், நான் சாயங்காலம் நாப்பது நிமிசம். தெளிக்கத்தான் செஞ்சேன். நாப்பது நிமிசம் தெளிச்சேன்.

இதுக்கு நடுவுல வீட்டுல ஒரு கூத்து. என் சம்சாரம் ருக்குமணிகிட்ட யாரோ, 'உங்க வீட்டுக்காரரு தெனமும் சாயங்காலம் தண்ணியிலதான் இருக்காரு'ன்னு சொல்லிப்போட்டாங்க. நான் லேட்டா வீட்டுக்குப் போனா அவ வாயை ஊதச்சொல்றா. ஊதினேன். வாடை இல்லை. அது அவளுக்கு இன்னும் சந்தேகம். அப்புறம் உண்மையைச் சொன்னேன். சொல்லாமயே இருந்திருக்கலாம். எங்க வீதியில பதினோரு நாளைக்கு ஒருக்கா குழாய் வருது, நீங்க புல்லுக்கு ஊத்திட்டு வர்றீங்களான்னு குடத்தைத் தூக்கிட்டு வந்தா. அது கழிவுநீரைச் சுத்தம் பண்ணி விடற தண்ணி, குடிக்க ஆகாதுடின்னேன். "அந்தப் பொம்பளை வேண்டாம்னு சொன்னதை எதுக்குச் செய்யறீங்க? அவங்க படிச்சவங்க"ன்னா. என் சம்சாரம் எப்பவுமே மத்தவங்க பக்கம்தானுங்க.

மே மாசம் மொத வாரம். வெடியால போயிப் பாக்கறேன், ஒன்பதாம் நம்பர்ல தோசைக்கல்லு அளவுக்கு ஒரு வட்டம், கருகிப்போய்க் கெடக்குது. ஓரத்துல சிலந்தி வலை மாதிரி வெள்ளையா நூலு. எனக்கு உசுரே போயிருச்சு. மேடம் வந்து பாத்தாங்க. "பூஞ்சை. எப்படி வந்துச்சு? நான் தண்ணியே விடலையே"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. இருபத்து ரெண்டாந்தேதி பெரிய போட்டி, எட்டு கிளப்புலிருந்து ஆளுங்க வர்றாங்க. இன்னும் பதினாறே நாள்.

எனக்கு அப்பவே தெரியுமுங்க, இது கண்ணு பட்டதுன்னு. அத்தனை அழகா இருந்தா படாதா? மருந்துன்னு அவங்க எதையோ கலக்கிட்டிருக்க, நான் ஒரு எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவி, கொடி நட்டிருக்கற குழிக்குள்ள போட்டு வச்சேன். யார் பாக்கப்போறாங்கன்னு. மறுநாள் வெடியால கிளப் தலைவரே விளையாட வந்துட்டாருங்க. தூரத்துலிருந்து தட்டினாரு பாருங்க, அப்படி ஒரு தட்டு அவரு ஆயுசுல தட்டியிருக்க மாட்டாரு. பந்து நேராப் போயி குழியில விழுந்துச்சு. விழுந்துச்சா? பாதிதான் விழுந்துச்சு. எலுமிச்சம்பழத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டு எட்டிப் பாக்குது.

"என்னய்யா இது?"ன்னாரு.

"உரமுங்க"ன்னேன்.

"ஆர்கானிக்கா?"

"ஆமாங்க."

அவரு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. மேடம் மட்டும் பழத்தை எடுத்து என் கையில குடுத்து, "சாதம் கிளறிக்குங்க அண்ணா"ன்னு சொன்னாங்க.

பழத்துக்கும் கேக்கலை, மருந்துக்கும் கேக்கலை. ஒரு வட்டம் அஞ்சாச்சு, அஞ்சு பதினஞ்சாச்சு. எனக்குத் தாங்கலை. சீக்காக் கெடக்கறவனுக்குத் தண்ணிகூடக் குடுக்காம போடறதாங்க? இன்னும் பத்து நிமிசம் சேத்தேன்.

அன்னிக்கு சாயங்காலம், பத்தாந்தேதி இருக்கும், ஓசைப் பிடிச்சுட்டு நின்னு புல்லுகிட்டப் பேசிட்டிருக்கேன். நான் பேசுவேனுங்க, பழக்கம். "குடி சாமி. அவ கெடக்கறா. படிச்ச கழுதைக்கு என்ன தெரியும், நீ குடி"ன்னு சொல்றேன். தண்ணி திடீர்னு நின்னு போச்சு. திரும்பிப் பாக்கறேன், மேடம் வால்வுகிட்ட நிக்கறாங்க. கையில டிபன் டப்பா. மறந்துட்டுப் போனதை எடுக்க வந்துருக்காங்க.

"எத்தனை நாளா அண்ணா?"

"இன்னிக்குத்தானுங்க மேடம்."

"எத்தனை நாளா?"

"ஒரு... முப்பத்தஞ்சு நாளுங்க."

அப்படியே கிரீன் ஓரத்துல உக்காந்துட்டாங்க. நான் அழப்போறாங்கன்னு நெனச்சேன். சிரிச்சாங்க. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "அப்ப ரெண்டு மீட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு"ங்கறாங்க. மறுபடி சிரிக்கறாங்க. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன் அண்ணா. எங்கம்மாவுக்கு போன் பண்ணி, நான் படிச்சதெல்லாம் தப்பும்மான்னு அழுதேன்." எனக்கு ஒண்ணும் புரியலை. வெயிலு தலைக்கு ஏறிடுச்சோன்னு ஒரு குடை கொண்டாந்து பிடிச்சேன். பொழுது எறங்கின நேரத்துல.

மறுநாளே கமிட்டி கூப்பிட்டாங்க. இதே ரூம்புலதான். தலைவர், கர்னல், இன்னும் நாலு பேர். மேடம் அங்க நின்னாங்க, நான் கதவோரம். கர்னல் மேசையைத் தட்டறாரு. "எவ்வளவு தண்ணி விட்டா இப்படி அழுகும்? யார் விட்டது?" நான் கதவுத் தாப்பாளைப் பாத்துட்டு நின்னேன். மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. "தண்ணி அட்டவணை என்னோடது சார். பொறுப்பும் என்னோடது"ன்னாங்க.

பாத்தீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. அவங்க வாயாலயே வந்துச்சு. எழுதிக்கறீங்களா? எழுதிக்குங்க.

போட்டி முடிஞ்சதும் வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாங்க. வேற ஆளா இருந்தா அன்னிக்கே பையைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. இவங்க வெளிய வந்து சட்டைக் கையைச் சுருட்டிட்டு, "அண்ணா, பதினோரு நாள் இருக்கு"ன்னாங்க.

அந்தப் பதினோரு நாளைச் சொல்லோணும் சார். தண்ணியை நிறுத்தினாங்க. கல்யாண மண்டபத்துலிருந்து ஆறு பெரிய ஃபேனை வண்டியில ஏத்திக் கொண்டாந்து கிரீனைச் சுத்தி நிறுத்தினாங்க. புல்லுக்குக் காத்து வாங்க! ரோட்டுல போறவங்க யாருக்குக் கல்யாணம்னு கேட்டாங்க. மருந்து அடிச்சு பூஞ்சை அடங்கினதும், செத்த இடத்தை ஒவ்வொண்ணா வட்டமா வெட்டி எடுத்துட்டு, அந்தப்பக்கம் பழகறதுக்கு வச்சிருக்கற கிரீன்லிருந்து அதே அளவு நல்ல வட்டத்தை வெட்டிப் பொருத்தணும். மட்டம் ஒரு நூலு ஏறக்கூடாது, எறங்கக்கூடாது. ஏறினா பந்து துள்ளும். பூஞ்சை அதுக்குள்ள பரவி மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு வட்டம் ஆயிருந்துச்சு. களை எடுக்கற வேலாத்தாளும் நாலு பொம்பளைங்களும் தூக்கிக் குடுத்தாங்க. பொருத்தினது பூரா நான். முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு. மேடம் எனக்கு எதுத்தாப்புல படுத்துக்கிட்டு, கன்னத்தைத் தரையில வச்சு மட்டம் பாப்பாங்க. "இது ஏறியிருக்கு அண்ணா." எடுப்பேன். "இப்ப சரி." அடுத்தது. ஒருக்காச் சொன்னாங்க, "அண்ணா, நானும் எத்தனையோ ஊர்ல பாத்துட்டேன். இந்தக் கை யாருக்கும் வராது"ன்னு. அவங்க சொன்னதுலயே அது ஒண்ணுதான் சரியாச் சொன்னாங்க.

வேலாத்தா ஒருநாள் மண்ணுக்கூடையை எறக்கி வச்சுட்டு, "ஏனுங்கண்ணா, இந்தப் பொண்ணு எதுக்குப் போகுது?"ன்னா. "தப்பு பண்ணினா போகோணுமில்ல"ன்னேன். அவ என்னையே பாத்துட்டு நின்னா. அப்புறம் என்கிட்டப் பேசறதை நிறுத்திட்டா. இன்னிக்கு வரைக்கும் பேசலை. பொம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும்.

போட்டி அன்னிக்கு கிரீனு கண்ணாடி மாதிரி கெடந்துச்சுங்க. பெங்களூர்லிருந்து வந்த ஒருத்தரு குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு, 'கோடையில இப்படி நான் பாத்ததில்லை'ன்னாரு. சாயங்காலம் பரிசு குடுக்கற மேடையில தலைவரு என் பேரைக் கூப்பிட்டாரு. எனக்கு சால்வை போத்தினாரு. 'இருபத்தேழு வருட அனுபவம், நெருக்கடியில் கைகொடுத்தது'ன்னு மைக்குல சொன்னாரு. கை தட்டறாங்க. கூட்டத்துக்குப் பின்னால மேடம் நின்னு தட்டறாங்க, எல்லாரும் நிறுத்தினதுக்கு அப்புறமும் தட்டறாங்க. எனக்கு இங்க, இந்த நெஞ்சுக்கிட்ட ஒரு மாதிரி அடைச்சுது. வாயுன்னு நெனைக்கறேன். மத்தியானம் பட்டாணிக் குருமா சாப்பிட்டேன்.

சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ருக்குமணி அதை வாங்கி பீரோவுல வைக்கலை. வெளிய கொடியில போட்டுட்டா. மூணு நாள் அங்கயே கெடந்துச்சு.

மேடம் போய் ரெண்டு மாசம் ஆகுதுங்க. அவங்க போன மறுவாரம் மழை வந்துச்சு. இப்ப சாயங்காலம் நான் வால்வுப் பக்கமே போறதில்லை. அவங்க சொன்னாங்கன்னு இல்லை, எனக்கா தோணுச்சு. அந்த மீட்டரு எங்கிட்டத்தான் இருக்குது. துருப்பிடிச்சுறக்கூடாதேன்னு தெனமும் வெடியால எடுத்து பதினெட்டு கிரீன்லயும் குத்திப் பாத்து, நோட்டுல நம்பரை எழுதி வைக்கறேன். சும்மா வச்சா பேட்டரி கெட்டுப்போகுமில்ல. யாராவது கேட்டாக் காட்டலாம். யாரும் கேக்கறதில்லை. நேத்து பதிமூணாம் நம்பர்ல ஈரம் சட்டுன்னு எறங்கியிருந்துச்சு, ஏன்னு தெரியலை. அவங்களா இருந்தா ஒரு துண்டை வெட்டி மோந்து பாத்துச் சொல்லிருப்பாங்க. நானும் மோந்து பாத்தேன். மண்ணு வாசம்தான் வருது.

அதனால நீங்க கேட்டதுக்கு என் பதிலு என்னன்னா, எடுத்துக்காதீங்க சார். உங்க மலைக்கு வேண்டாம். வேலை தெரியாதுன்னு சொல்லலை! யார் சொன்னது? அந்த மாதிரி வேலை தெரிஞ்ச ஆளை நான் பாத்ததில்லை. அதுக்குத்தான் சொல்றேன், எடுத்துக்காதீங்க. அடுத்த ஏப்ரல் வரும். அப்ப இங்க யாரு இருக்கா? ஒரு ஆளு போட்டிருக்காங்க, அவரு கிரீன்ல செருப்புப் போட்டுக்கிட்டு போன் பேசறாரு.

என்ன கேக்கறீங்க? கர்னலுக்கு இது தெரியுமாவா? எது?

...தெரியாதுங்க.

சொல்லோணும்னு மூணு தடவை அவரு ரூம்பு வாசல் வரைக்கும் போயிட்டேன் சார். மொதத் தடவை, 'என்னப்பா?'ன்னு கேட்டாரு, மெஷினுக்கு டீசல் வேணுங்கன்னுட்டேன். ரெண்டாந்தடவை போனேன், மறுபடியும் டீசல். மூணாந்தடவை நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரே டீசலுக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. ஷெட்டுல வைக்க எடமில்லாம கெடக்குது.

சொன்னா என்னை அனுப்பிருவாரு. அம்பத்தாறு வயசுல எங்க போறது? ஆனா கடுதாசில அப்படி எழுதியிருக்குன்னு நீங்க சொன்னதும்... 'திருப்தியாக இல்லை'யா எழுதியிருக்கு? அந்த வார்த்தையா? அதை அவங்க போற எடத்துக்கெல்லாம் கொண்டுட்டுப் போகோணுமில்ல. மோந்து பாத்தே சொல்ற பொண்ணு சார் அது.

கார் சத்தம் கேக்குதா? அவருதான். அந்த வாசல் வழியா நேரா ரூம்புக்குப் போயிடுவாரு.

நீங்களும் வாங்க சார், ஒத்தையில போனா நான் திரும்பிடுவேன். அந்தக் கடுதாசியையும் எடுத்துக்குங்க. நீங்க முன்னால போங்க. இல்லை, இருங்க. நான் போறேன். நீங்க கதவுகிட்ட மட்டும் நில்லுங்க, நான் வெளிய வராத மாதிரி.

சார், நாச்சிமுத்துங்க. உள்ள வரலாங்களா?

இல்லீங்க சார். சீட்டு எழுதாதீங்க. டீசல் இல்லீங்க சார்.